தலைச்சுற்றிலிருந்து மீள்தல்: உட்செவிச் சமநிலைக் கோளாறுகளும் மீட்புப் பயிற்சிகளும்

அதிகாலையில் கண் விழித்து வலப்பக்கம் புரண்டவுடன் அறையே சுழல்கிறது. கூரை ஒரு புறமாக ஓடுகிறது. கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாலும் கீழே விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் விலகவில்லை. அரை நிமிடத்தில் சுழற்சி தானாக நின்றுவிடுகிறது. குமட்டல் மட்டும் காலை முழுவதும் நீடிக்கிறது. 68 வயதான ஒரு தாயாருக்கு இவ்வாறு நேர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம். மகள் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்கிறார், சரியாக இருக்கிறது. மருமகன் இரத்த அழுத்தத்தை அளக்கிறார், அதுவும் சரி. ஊரிலுள்ள தமக்கையார் தொலைபேசியில் பித்தம் என்கிறார். அன்று முதல் அவர் வலப்பக்கம் படுப்பதில்லை. தலைக்குக் குளிக்கக் குனிவதில்லை. கோயிலுக்குச் சென்றாலும் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு மாதங்களில் கோயிலுக்குப் போவதே நின்றுவிடுகிறது.

இன்னொருவர் 52 வயதான பேருந்து ஓட்டுநர். சளிக்காய்ச்சல் வந்து தணிந்த ஒரு வாரத்தில், எவ்வித முன்னறிவிப்புமின்றிக் கடுமையான சுழற்சி தொடங்குகிறது. மூன்று நாட்கள் வாந்தி. எழுந்து நிற்க இயலவில்லை. மருத்துவமனையில் பக்கவாதம் இல்லையென உறுதிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். சுழற்சி தணிந்த பின்பும் தலையைத் திருப்பும்போதெல்லாம் பார்வை அதிர்கிறது. அங்காடியின் நீண்ட அடுக்குகளுக்கிடையே நடக்கும்போது தரை நகர்வதுபோல் தோன்றுகிறது. அவர் அஞ்சுவது நோயை மட்டுமன்று. ஓட்டுநர் உரிமமே அவருடைய குடும்பத்தின் வருவாய்.

இவ்விருவரும் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்பட்டவர்கள்; ஆயினும் இவர்களைப் போன்றோரை அறியாத தெரு இப்பகுதியில் இராது. இருவருக்கும் கோளாறு இருப்பது உட்செவியில். இருவருக்கும் காது வலிக்கவில்லை. காது வலிக்காவிட்டால் காதில் நோயில்லை என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதால், முதன்மைக் காரணத்தைத் தேடிச் செல்வதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இருவரும் மீளக்கூடியவர்கள் என்பதும், அம்மீட்சி பெரும்பாலும் மாத்திரையால் அன்றி உடலசைவினால் வருவது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மருத்துவரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது?

தமிழில் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல் பல நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. நினைவிழந்து விழுவதும் மயக்கம். கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம். தூக்கக் கலக்கமும் மயக்கம். உலகம் சுழல்வதையும் சிலர் மயக்கம் என்றே சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லை நினைவிழப்பு என்று மாற்றிச் சொன்னால், மருத்துவர் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் நோக்கியே செல்வார். அது அவர் பிழையன்று. ஆகவே உணர்ந்ததைப் பிரித்துச் சொல்லுதல் வேண்டும். தாம் சுழல்வதுபோலவோ சுற்றியுள்ளவை சுழல்வதுபோலவோ இருந்தால் அது தலைச்சுற்று. எழுந்து நின்றவுடன் கண் இருண்டு, உட்கார்ந்தால் தெளிந்துவிடுமாயின் அது வேறு. சுழற்சியின்றி, நடக்கும்போது மட்டும் கால் தடுமாறுவது தள்ளாட்டம். எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த அசைவில் தொடங்கியது, கேட்கும் திறன் குறைந்ததா, காதில் இரைச்சல் உண்டா என்ற நான்கு விடைகளும் பெரும்பாலான கருவிச் சோதனைகளைக் காட்டிலும் மருத்துவருக்கு அதிகம் உதவும்.

எல்லாத் தலைச்சுற்றும் காதினால் வருவதன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தலைச்சுற்றுடன் பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை அல்லது கால் வலுவிழத்தல், இரட்டைப் பார்வை, முன்பு கண்டிராத கடுந்தலைவலி, பிடிமானமின்றி நிற்கவே இயலாமை, நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அது மூளை அல்லது இதயத்தின் அவசரநிலையாக இருக்கக்கூடும். உடனே 000 எண்ணை அழைத்தல் வேண்டும். படுத்துப் பார்ப்போம், காலையில் பார்ப்போம் என்று தள்ளிவைக்கக் கூடாது. ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் போய்விட்டாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அச்செவிக்கான சிகிச்சை தாமதித்தால் பலன் குறையும்.

உட்செவியில் நடப்பது

ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். இக்கையேட்டைக் கண்முன் பிடித்து, தலையை அசைக்காமல், கையேட்டை மட்டும் இடமும் வலமும் விரைவாக அசைத்தால் எழுத்துகள் கலங்கிவிடும். அடுத்து, கையேட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை மட்டும் அசைத்தால் எழுத்துகள் தெளிவாகவே தெரியும். இரண்டிலும் அசைவின் வேகம் ஒன்றுதான். வேறுபாட்டுக்குக் காரணம் உட்செவி. தலை எத்திசையில் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை அது மூளைத்தண்டுக்கு அறிவிக்க, கண்கள் உடனுக்குடன் எதிர்த்திசையில் அதே அளவு திருப்பப்படுகின்றன. உடலிலுள்ள மிக விரைவான அனிச்சைச் செயல்களில் இதுவும் ஒன்று. (தலைச்சுற்று உடையோர் இச்சோதனையை அமர்ந்தபடியே செய்ய வேண்டும்.)

இதற்கான உறுப்பு பொட்டெலும்பினுள் புதைந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள், திரவம் நிரம்பியவை. தலை திரும்பும்போது அத்திரவம் பின்தங்கி, நுண்ணிய மயிர்ச் செல்களை வளைக்கிறது. அவற்றின் அடியிலுள்ள இரண்டு சிறு பைகள் புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கின்றன. மின்தூக்கி மேலேறுவதைக் கண்மூடியிருந்தும் அறிவது இவற்றால்தான். இப்பைகளின் மேற்பரப்பில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செவிச்சுண்ணாம்பு என்று இவற்றைச் சொன்னால் தவறாகாது.

மூளை உட்செவியை மட்டும் நம்பியிருப்பதில்லை. கண்கள் காண்பதையும், பாதமும் மூட்டுகளும் உணர்வதையும் அதனுடன் சேர்த்தே உடல் நிலையைக் கணிக்கிறது. மூன்றும் ஒத்துப்போகும்வரை சமநிலை என்ற ஒன்று இருப்பதையே மனிதர் நினைப்பதில்லை. நீரிழிவு நோய் தெற்காசியரிடையே மிகுதி. பல்லாண்டு நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்து, கண்ணில் புரையும் வளர்ந்திருக்கும் ஒருவருக்கு உட்செவியும் பழுதானால் மூன்று தூண்களில் ஒன்றும் உறுதியாக நிற்பதில்லை. இத்தகையோர் விழுவது தற்செயலன்று. தலைச்சுற்றுக்கான சிகிச்சையோடு கண் பரிசோதனையும் பாதப் பரிசோதனையும் கூடவே நடக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இடம் மாறிய படிகங்கள்

அத்தாயாருக்கு வந்தது உட்செவிக் கோளாறுகளுள் மிகவும் பரவலானது. சிறு பையில் ஒட்டியிருக்க வேண்டிய படிகங்கள் சில உதிர்ந்து, அரைவட்டக் கால்வாய் ஒன்றினுள், பெரும்பாலும் பின்பக்கக் கால்வாயினுள், சென்றுவிடுகின்றன. தலையின் நிலை மாறும்போது அவை புவியீர்ப்பால் உருண்டு திரவத்தைத் தள்ளுகின்றன. தலை நின்ற பின்பும் திரவம் ஓடுவதால், தலை இன்னும் சுழல்கிறது என்ற பொய்ச் செய்தி மூளைக்குச் செல்கிறது. படிகங்கள் அடியில் தங்கியதும் சுழற்சி நின்றுவிடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதும், படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் மட்டுமே வருவதும் இதனால்தான். வயது ஏற ஏற இது மிகுதி. பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். தலையில் அடிபட்ட பின்பும் வரலாம்.

இதனைக் கண்டறியப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. லண்டனில் பணியாற்றிய மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் ஆகிய இருவரும் 1952ஆம் ஆண்டில் விவரித்த சோதனை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. நோயரை அமரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, விரைவாகப் பின்னால் படுக்கவைத்துக் கண்களை உற்றுநோக்குவார்கள். படிகம் உள்ள பக்கமாயின் சில நொடிகளில் சுழற்சி தொடங்கி, கண்மணிகள் குறிப்பிட்ட விதத்தில் துடிக்கும். அத்துடிப்பின் திசையே எந்தக் கால்வாய் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சையும் அதே எளிமை உடையது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜான் எப்லி என்ற மருத்துவர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், தலை படிப்படியாக நான்கைந்து நிலைகளுக்குத் திருப்பப்படுகிறது. ஒவ்வொரு நிலையிலும் சுழற்சி அடங்கும்வரை காத்திருக்கிறார்கள். படிகம் கால்வாயின் வளைவைச் சுற்றி உருண்டு, தான் புறப்பட்ட பைக்கே திரும்பிவிடுகிறது. சில நிமிடங்களே பிடிக்கும் இச்செயல் ஒன்றிரண்டு அமர்வுகளில் பெரும்பாலோருக்குச் சுழற்சியை நிறுத்திவிடுகிறது. இஞ்சித் தேநீரும் எலுமிச்சையும் குமட்டலுக்கு இதமளிக்கலாம்; படிகத்தை அவை இடம்பெயர்க்கா. காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது செவிப்பறைக்கு அப்பாலுள்ள இக்கால்வாயை எட்டவே எட்டாது. செவிப்பறையில் துளை இருந்தால் தீங்கும் செய்யும்.

காணொளி பார்த்துத் தாமே இதைச் செய்து கொள்ளலாமா என்று பலர் கேட்பதுண்டு. முதல் முறை கூடாது. எந்தக் காது, எந்தக் கால்வாய் என்பது தெரியாமல் செய்தால் பயனில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம், அண்மையில் நடந்த கண் அறுவை, கழுத்து இரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை உடையோருக்கு முறையை மாற்ற வேண்டியிருக்கும். ஒருமுறை பயிற்சியாளர் உறுதிசெய்து கற்பித்த பின், மீண்டும் வரும்போது வீட்டிலேயே செய்யச் சிலருக்கு அனுமதி கிடைக்கும். இக்கோளாறு திரும்ப வரும் இயல்புடையது. உடலில் வைட்டமின் டி குறைந்திருந்தால் அதனை ஈடுசெய்வது மீண்டும் வருதலைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன; கருநிறத் தோலும் வீட்டுக்குள்ளேயே கழியும் நாட்களும் உடைய நம் முதியோர் இதனைக் குடும்ப மருத்துவரிடம் கேட்டு அறிவது நன்று.

ஒரு பக்கம் அமைதியாகிவிட்டால்

ஓட்டுநரின் நிலை வேறு. அவருக்கு வந்தது உட்செவி நரம்பின் அழற்சி. பெரும்பாலும் வைரசுத் தொற்றைத் தொடர்ந்து வருவதாகக் கருதப்படுகிறது. இயல்பு நிலையில் இரு காதுகளிலிருந்தும் ஓய்வின்றிச் சமிக்ஞைகள் மூளைக்குச் சென்றுகொண்டே இருக்கும். அவை சமமாக இருந்தால் தலை அசையவில்லை என்று பொருள். ஒரு பக்கம் திடீரென அமைதியாகிவிட்டால், மற்றப் பக்கம் மட்டும் ஒலிப்பதை மூளை ஓயாத சுழற்சியாகப் புரிந்துகொள்கிறது. எனவேதான் நாட்கணக்கில் நீடிக்கிறது. இந்நோயில் செவித்திறன் கெடுவதில்லை. அதுவும் கெட்டிருந்தால் அழற்சி உட்செவி முழுவதற்கும் பரவியிருக்கிறது எனலாம்.

இதனை நோயரின் படுக்கையருகிலேயே கண்டறியும் முக்கியச் சோதனை ஒன்று சிட்னியில் பிறந்தது. மைக்கேல் ஹல்மாகி, இயன் கர்தொய்ஸ் ஆகிய இருவரும் 1988ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். மருத்துவர் தம் மூக்கைப் பார்க்கச் சொல்லி, நோயரின் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். நலமான பக்கத்தில் பார்வை மூக்கிலேயே நிலைக்கும்; பழுதான பக்கத்தில் கண் நழுவிப்போய், பின் தாவித் திரும்பும். கையேட்டை வைத்து மேலே செய்த சோதனையின் தத்துவமே இது.

பாதிக்கப்பட்ட நரம்பு முழுமையாகத் தேறாமலும் போகலாம். எனினும் மனிதர் தேறுகிறார். மூளை, கிடைக்கும் குறைந்த செய்தியைக் கொண்டே கணக்கைப் புதிதாகப் போடக் கற்றுக்கொள்கிறது. இதற்கு ஈடுசெய்தல் என்று பெயர். ஆனால் பிழை நேர்ந்தால்தான் மூளை திருத்திக்கொள்ளும். பிழை நேர வேண்டுமானால் தலை அசைய வேண்டும். சுழற்சிக்கு அஞ்சித் தலையைக் கல்போல் பிடித்துக்கொண்டு நடப்பவருடைய மூளைக்குப் பாடம் நடத்த ஆளில்லை. கழுத்து இறுகி, தோள் வலித்து, தலைச்சுற்றோ அப்படியே நிற்கும். நம் குடும்பங்களில் நோயுற்றோரை அன்போடு படுக்கவைத்து, எல்லாவற்றையும் கைக்கருகே கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அது பொருந்தும். மூன்றாவது வாரத்திலும் அது தொடர்ந்தால் அன்பே தடையாகிவிடுகிறது.

மருந்துக்கும் இதே கணக்குதான். புரோகுளோர்பெரசின் போன்ற அடக்கும் மருந்துகள் முதல் சில நாட்களின் வாந்திக்கும் சுழற்சிக்கும் உரியவை. அதற்கு மேலும் மாதக்கணக்கில் விழுங்கினால் மூளையின் கற்றலை அவை மந்தப்படுத்தும். முதியோரிடம் கை நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் தோற்றுவிக்கக்கூடும். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த தலைச்சுற்று மாத்திரைகள் பெட்டியில் இருக்குமாயின், அவற்றை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பின்பே உட்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்து நெடுங்காலமாக உட்கொள்ளும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

மீட்புப் பயிற்சியின் இயல்பு

ஆங்கிலத்தில் ‘வெஸ்டிபுலார் ரீஹாபிலிடேஷன்’ என்று வழங்கும் இச்சிகிச்சையின் தொடக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து இங்கிலாந்து. காது அறுவை மருத்துவரான டெரன்ஸ் காதோர்ன், தலைக்காயத்தாலும் உட்செவி அறுவையாலும் தலைச்சுற்றுக்கு ஆளானவர்களுள் படுத்தே இருந்தவர்களைவிட நடமாடியவர்கள் விரைவாகத் தேறுவதைக் கண்டார். எஃப். எஸ். குக்சியுடன் சேர்ந்து அவர் வகுத்த தலை, கண், உடல் அசைவுப் பயிற்சிகள் 1940களில் வெளிவந்தன. இன்றைய முறைகள் அவற்றிலிருந்து வளர்ந்தவையே. எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்ற நிலை மாறி, ஒவ்வொருவரின் குறைக்கேற்ப அமைக்கப்படுவதே முக்கிய வேறுபாடு. 39 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கோக்ரேன் மதிப்பாய்வு ஒன்று, ஒரு பக்க உட்செவிக் குறைபாட்டுக்கு இச்சிகிச்சை பாதுகாப்பானது, பயனுடையது என்று 2015ஆம் ஆண்டில் முடிவு கூறியது.

முதன்மையான பயிற்சி பார்வையை நிலைநிறுத்துவது. ஒரு தாளில் ‘அ’ என்ற எழுத்தை எழுதி, கண் மட்டத்தில் சுவரில் ஒட்டி, கைநீளத்துக்குச் சற்று அப்பால் அமர வேண்டும். எழுத்தின்மேல் பார்வையை வைத்தபடி, ‘இல்லை’ என்று சொல்வதுபோலத் தலையைச் சிறிய அளவில் இடமும் வலமும் திருப்ப வேண்டும். எழுத்து கலங்காத எல்லைக்குள் எவ்வளவு விரைவாக இயலுமோ அவ்வளவு விரைவு. முதலில் அரை நிமிடம், பின் ஒரு நிமிடம். அடுத்து ‘ஆம்’ என்று தலையாட்டுவதுபோல மேலும் கீழும். அமர்ந்து செய்தது எளிதானால் நின்று, அதுவும் எளிதானால் கால்களை நெருக்கி வைத்து, பின்னர் வெற்றுச் சுவருக்குப் பதிலாகப் பூவேலை செய்த திரைச்சீலையின் முன், இறுதியில் நடந்துகொண்டே. அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், நோய் புதிதாயின் இப்பயிற்சியை நாளொன்றுக்கு மூன்று முறையேனும் பிரித்து மொத்தம் 12 நிமிடங்களாவது செய்யவும், நாட்பட்டதாயின் 20 நிமிடங்களாவது செய்யவும் சொல்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் செய்வது இதற்கு ஈடாகாது.

பயிற்சியின்போது தலைச்சுற்று சிறிது வரும். வர வேண்டும். நம் மக்களுள் பலர் இரண்டாம் நாளே பயிற்சியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்: செய்தால் கூடுகிறது, ஆகவே இது தவறான சிகிச்சை என்று எண்ணிவிடுகிறார்கள். அளவு இதுதான்: பயிற்சி முடிந்து கால் மணி நேரத்துக்குள் தலைச்சுற்று பழைய நிலைக்குத் தணிந்துவிட வேண்டும். தணிந்தால் பாடம் சரியான அளவில் இருக்கிறது. மணிக்கணக்கில் நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது. வேகத்தையோ நேரத்தையோ குறைக்க வேண்டும். சிறிதும் வராவிட்டால் பயிற்சி மிக எளிது. அடுத்த படிக்குச் செல்லலாம். கடுங்கழுத்துவலி, கை மரத்தல், புதிதாகச் செவித்திறன் குறைதல், காதிலிருந்து நீர் வடிதல் ஆகியவை தோன்றினால் நிறுத்திவிட்டுப் பயிற்சியாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, தொல்லை தரும் அசைவையே பழக்கமாக்குவது. கீழ்த்தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கக் குனிவதில் தலை சுற்றுமானால், குனிந்து நிமிர்வதே பயிற்சியாகிறது. அங்காடியின் அடுக்குகள் சுற்றுமானால், கூட்டமில்லாத காலையில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஓர் அடுக்கு, மறுமுறை இரண்டு. மூளைக்கு அலுத்துப்போகும்வரை அதே செய்தியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, நிற்றலும் நடத்தலும். இரு சுவர்கள் சேரும் மூலையில் முதுகு சுவர்ப்பக்கம் இருக்க நின்று, முன்னால் நாற்காலி ஒன்றை வைத்துக்கொண்டால் எப்பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் இருக்கும். கால்களை நெருக்கி நிற்றல், பின் ஒரு காலின் முன் மறு காலை வைத்து நிற்றல், பின் கண்களை மூடுதல், பின் தடித்த பஞ்சு மெத்தைத் துண்டின்மேல் நிற்றல் என்று அது வளரும். கண்ணையும் பாதத்தையும் ஒவ்வொன்றாக விலக்கி, உட்செவியை வேலை செய்ய வைப்பதே இதன் உட்பொருள். முதியோர் தனியாக இருக்கும்போது கண்மூடிச் செய்யும் எதையும் செய்யலாகாது. வீட்டினுள் செருப்பணியாத நம் வழக்கத்தில் ஓர் இடரும் உண்டு: குளிர்காலத்தில் வெறும் காலுறையுடன் வழவழப்பான தரையில் நடப்பது. வெறுங்கால் அதைவிட நன்று. வீட்டுக்கென்றே வைத்திருக்கும், வழுக்காத அடியுள்ள காலணி அதனினும் நன்று.

ஓட்டுநரைப் போன்றோருக்குப் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தெளிவான முன்னேற்றம் தெரியும். முன்னேற்றம் நேர்கோட்டில் வருவதில்லை. தூக்கமின்மை, காய்ச்சல், மனச்சுமை, சென்னைக்கோ கொழும்புக்கோ சென்றுவந்த நெடிய விமானப் பயணம் ஆகியவற்றுக்குப் பின் பழைய தள்ளாட்டம் சில நாட்கள் தலைகாட்டும். கற்ற கணக்கை மூளை தற்காலிகமாகத் தவறவிட்டதே அது; நோய் புதிதாகத் தாக்கியதன்று. விட்ட பயிற்சியை மீண்டும் தொடங்கினால் முன்னைவிட விரைவாகத் தணியும்.

பயிற்சி மட்டும் போதாத நிலைகள்

மெனியேர் நோயில் சுழற்சி 20 நிமிடங்கள் முதல் பல மணி நேரம் வரை நீடித்து, காதடைப்பு, இரைச்சல், ஏறியிறங்கும் செவித்திறன் ஆகியவற்றுடன் மீண்டும் மீண்டும் வரும். அத்தாக்குதலைப் பயிற்சி தடுக்காது. தாக்குதல்களுக்கிடையே எஞ்சும் தள்ளாட்டத்துக்கே உதவும். இந்நோயருக்கு உப்பைக் குறைக்குமாறு மருத்துவர்கள் பரவலாக அறிவுறுத்துவதால், ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடைய தலைச்சுற்று மற்றொன்று. தலைவலி இல்லாமலேயே கூட அது வரும். தலைவலிக்கான சிகிச்சையே அதற்கு முதன்மை. சில தீவிரத் தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் ஜென்டமைசின் என்ற மருந்தினால் இரு பக்க உட்செவியும் பழுதாவதுண்டு. அத்தகையோருக்குச் சுழற்சியே இராது. இருட்டில் நடக்க இயலாமையும், நடக்கும்போது எதிரிலுள்ளவை குதிப்பதுபோல் தெரிவதுமே அடையாளம். மீட்சி மெதுவானது, இரவு விளக்கும் கைத்தடியும் சிகிச்சையின் பகுதியாகவே கருதப்படும்.

முதல் நோய் நீங்கிய பின்பும் அச்சம் நீங்காதோர் உண்டு. நாள் முழுதும் மிதப்பதுபோன்ற உணர்வு, கூட்டத்திலும் வண்ணங்கள் அசையும் திரைகளின் முன்னும் மிகுவது, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது ஆகியவை அடையாளங்கள். இது கற்பனையன்று, மனநோய் என்ற முத்திரையும் பொருந்தாது, மூளை எச்சரிக்கை நிலையிலேயே உறைந்துபோனதால் வருவது. உடற்பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் சேர்ந்தே இதற்கு வழிசெய்யும்.

இங்கு உதவி பெறும் வழி

குடும்ப மருத்துவரிடம் தொடங்குவதே முறை. இயன்முறை மருத்துவரை, அதாவது பிசியோதெரபிஸ்டை, மருத்துவரின் பரிந்துரையின்றியும் நேரடியாகக் காணலாம். ஆனால் எல்லாரும் இத்துறையில் பயின்றவரல்லர். முன்பதிவு செய்யும்போதே ‘வெஸ்டிபுலார்’ என்ற சொல்லைச் சொல்லி, அதில் பயிற்சி பெற்றவர் உள்ளாரா எனக் கேட்க வேண்டும். நோய் ஆறு மாதங்களாகவோ அதற்கு மேலோ நீடித்தாலும், நீடிக்கும் என எதிர்பார்க்கப்பட்டாலும், குடும்ப மருத்துவர் நாட்பட்ட நோய்க்கான திட்டம் ஒன்றை வகுக்கலாம். அதன்கீழ் ஓராண்டில் ஐந்து அமர்வுகள் வரை மெடிகேர் உதவித்தொகை கிடைக்கும். அதற்கு மேற்பட்ட கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. பொது மருத்துவமனைகளின் சமநிலைச் சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவை, காத்திருப்பும் இருக்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை 131 450 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்டுப் பெறலாம். பொது மருத்துவமனைகளில் இச்சேவைக்குக் கட்டணமில்லை. பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தவிர்ப்பது நலம். ‘மயக்கம்’ பற்றி மேலே சொல்லப்பட்ட குழப்பம் பெரும்பாலும் அங்குதான் நேர்கிறது. இரவில் ஐயம் எழுந்தால் 1800 022 222 எண்ணில் செவிலியரிடம் அறிவுரை கேட்கலாம். 65 வயதைக் கடந்தோர் குளியலறைக் கைப்பிடி, வீட்டு உதவி ஆகியவற்றுக்கு மை ஏஜ்ட் கேர் சேவையை 1800 200 422 எண்ணில் அணுகலாம். விழுந்தவர்களுக்கும் விழுவோமோ என அஞ்சுவோருக்கும் நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத்துறை ‘ஸ்டெப்பிங் ஆன்’ என்ற ஏழு வார வகுப்புகளைக் கட்டணமின்றி நடத்துகிறது.

வாகனம் ஓட்டுதல் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். சுழற்சி வரும் நாட்களில் ஓட்டக் கூடாது. ஓட்டுதலைப் பாதிக்கும் நீடித்த உடற்குறையை உரிமம் வழங்கும் துறைக்குத் தெரிவிப்பது உரிமம் பெற்றவரின் சட்டக் கடமை. பேருந்து, சரக்குந்து போன்ற தொழில்முறை உரிமங்களுக்கு விதிகள் மேலும் கடுமையானவை. மறைத்து ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடக்கூடும். உரிமம் பறிபோகும் என்று அஞ்சி மருத்துவரிடமே நோயைச் சொல்லாதிருப்போர், மீளக்கூடிய நோயை மீளாததாக்கிக் கொள்கிறார்கள். முறையாகத் தெரிவித்து, பயிற்சி முடித்து, மருத்துவச் சான்றுடன் வேலைக்குத் திரும்ப வழியுண்டு.

முதல் அமர்வுக்குச் செல்பவர், அப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், தலை சுற்றிய நாள், நேரம், அசைவு ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளையும் எடுத்துச் செல்ல வேண்டும். சேலையைவிடக் காற்சட்டையோ சுடிதாரோ படுத்து எழும் சோதனைகளுக்கு வசதி. சோதனையே சுழற்சியைத் தூண்டும் என்பதால் வயிறு நிறைய உண்டு செல்லாதிருப்பது நல்லது. வீடு திரும்ப வாகனம் ஓட்டுவதற்கு உடன் ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும்.